எடை, சாப்பாடு, சாப்பாட்டுக் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். சர்க்கரைக்காரர்கள், பிரசவமான பெண்கள், கல்யாணத்துக்கு முன் இளைக்க நினைப்பவர்கள், ஜிம் பையன்கள், மகளை இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போக சிக்கலானவை. சிறுநீரகம், இதயம், சர்க்கரை என்று ஏற்கனவே வைத்தியம் பார்ப்பவர்கள் உங்கள் டாக்டர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

"கலோரி கலோரின்னு எல்லாரும் சொல்றாங்க. அது சத்தா, கெடுதலா?"

ரெண்டும் இல்லை. சாப்பாட்டிலிருந்து உடம்புக்கு எவ்வளவு எரிசக்தி கிடைக்கிறது என்பதற்கான அளவு, அவ்வளவுதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. மதுவில் உள்ள ஆல்கஹாலுக்கு 7. அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வைட்டமின்கள், இரும்பு, சுண்ணாம்புச் சத்து இவற்றில் கலோரி கிடையாது. அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிற ஒருவருக்கும் ரத்தசோகை வருகிறது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. செக்கில் ஆட்டியதானாலும் பாக்கெட்டில் வந்ததானாலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரிதான். 'நல்ல எண்ணெய்தானே' என்று தாராளமாக ஊற்றினால் எடைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"என் உயரத்துக்கு நான் எவ்வளவு வெயிட் இருக்கணும்?"

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். வருவதுதான் பி.எம்.ஐ. 158 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 62 கிலோ என்றால் 24.8. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோலில் 18.5-லிருந்து 25-க்குள் இருந்தால் சரியான எடை, ஆகவே இவர் பாஸ். ஆனால் இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு 23. 25-ஐத் தொட்டால் உடல்பருமன். அதே எடையில் நமக்குக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு, சர்க்கரை சீக்கிரம் வருகிறது என்பதால் இந்தக் கெடுபிடி. அந்தக் கணக்கில் இந்தப் பெண்ணுக்குச் சரியான எடை 46-லிருந்து 57 கிலோ வரை. எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்கள். 'நான் 50 கிலோதான் இருக்கணும்' என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

இந்தச் சூத்திரத்தைத் தந்தவர் டாக்டரே இல்லை. பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில், மக்கள்தொகையின் சராசரியைத் தெரிந்துகொள்ளப் போட்ட கணக்கு அது. பி.எம்.ஐ. என்ற பெயர் 1972-ல்தான் வந்தது. எனவே ஒரு ஆளைப் பற்றி அது சொல்வது பாதிதான். கூடவே இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இதைத் தாண்டினால், கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கோடுகள் பொருந்தாது. குழந்தைகளுக்கு வயதுவாரியான வளர்ச்சி அட்டவணை தனியே இருக்கிறது.

"அரிசியை நிறுத்திட்டு சப்பாத்திக்கு மாறினா இளைக்கலாமா?"

நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. கோதுமை மாவில் அதைவிடச் சற்றே குறைவு, பெரிய வித்தியாசமில்லை. மாறியவர்கள் இளைக்கிறார்களே என்றால், நான்கு கரண்டி சோறு சாப்பிட்டவர் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறார், அதுதான் காரணம். ஐந்து சப்பாத்தி, எண்ணெய் மிதக்கும் குருமா என்றால் பலன் ஒன்றுமில்லை.

அரிசியில் தொல்லை எங்கே வருகிறது என்பதை நம் மலையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒற்றை அறையில் ஆரம்பித்தது பெரிபெரி நோய் ஆய்வு. அதுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி இருந்தவர்களுக்குத் தயாமின் என்ற பி1 வைட்டமின் இல்லாமல் வந்த நோய் பெரிபெரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். ஆகவே சோற்றை விரட்ட வேண்டாம், தட்டில் அது பிடிக்கும் இடத்தைக் குறையுங்கள். தட்டில் பாதி காய், கீரை, பழம் என்பதுதான் அதே நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை. நம் வீட்டுத் தட்டில் பொரியல் ஓரமாக ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது அங்கேதான்.

"தினமும் சாம்பார் ஊத்திதான் சாப்பிடறேன். புரோட்டீன் போதாதா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் வீட்டில் சாம்பாருக்கு 150 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் புரதம். பானை முழுவதிலும் 33 கிராம், தலைக்கு 6 அல்லது 7. அதுவும் மேலாகத் தெளிவாக மொண்டு ஊற்றிக்கொள்கிறவருக்கு இன்னும் குறைவு. வளர்ந்த ஒருவருக்குத் தேவை எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சோறு, இட்லியிலிருந்து ஒரு 15, 20 வந்தாலும் பாதிக் குறை அப்படியே நிற்கிறது.

ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய அதே அளவு. தயிர், மீன், வேர்க்கடலை, பச்சைப்பயறு எல்லாமே உதவும். இவற்றில் இரண்டு மூன்றைத் தினமும் சேர்த்தால் டப்பா பவுடர் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

"'கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்களே. கொள்ளு குடிச்சா கொழுப்பு கரையுமா?"

கரையாது. கொள்ளு ரசம், எலுமிச்சை வெந்நீர், தேன், சீரகத் தண்ணீர் எதுவுமே கொழுப்பைக் கரைப்பதில்லை. தேன் சர்க்கரைதான், அதிலும் கலோரி உண்டு. ஆனால் கொள்ளு அருமையான பயறு: புரதமும் நார்ச்சத்தும் நிறைய, சுண்டலாகச் சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது. பழமொழி சொன்ன பெரியவர்கள் கொள்ளைச் சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். நாம் வடிகட்டித் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, பிறகு நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறோம்.

"ராகி சாப்பிட்டா சுகர் ஏறாதுன்னாங்க, ஏறுதே?"

ஏறத்தான் செய்யும். கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். சுண்ணாம்புச் சத்துக்காகச் சாப்பிடுங்கள், சோற்றைப் போலவே அளந்து.

"முதல் வாரம் மூணு கிலோ குறைஞ்சுது. அப்புறம் மிஷின் அசையவே மாட்டேங்குது."

அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசையும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராமாவது தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பு. 'ஒரே வாரத்தில்' விளம்பரங்கள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

கொழுப்பு மெதுவாகத்தான் போகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ என்பது காகிதக் கணக்கு. நிஜத்தில் அந்த அளவுக்கு இறங்காது, ஏனென்றால் எடை இறங்க இறங்க உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது.

"கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு. பத்து கிலோ குறைக்கணும், ஏதாவது டயட் சார்ட் குடுங்க."

மேலே சொன்ன 7,700-ஐப் பத்தால் பெருக்குங்கள்: 77,000. முப்பது நாளில் என்றால் தினம் 2,500-க்கு மேல் குறைக்க வேண்டும். பெரும்பாலான பெண்களின் ஒரு நாள் மொத்தச் செலவே அவ்வளவு வராது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் கணக்கு இடிக்கிறது. வேகமாக இளைத்தால் தசை போகும், பித்தப்பையில் கல் வரலாம், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். அதாவது கல்யாணமான புதிதில். பிளவுஸைக் கொஞ்சம் பிரித்துத் தைக்கச் சொல்வதுதான் என் டயட் சார்ட்.

"எனக்குத் தைராய்டு. அதனாலதான் இருபது கிலோ ஏறிட்டேனா?"

தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை ஏறும், ஆனால் பொதுவாக நான்கைந்து கிலோவுக்குள். அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். மாத்திரை சரியான அளவில் போய்க்கொண்டிருந்தால் மிச்சப் பழியைத் தைராய்டு மேல் போட முடியாது. தூக்கம், ஸ்டெராய்டு, சில மனநோய் மருந்துகள், பி.சி.ஓ.டி. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

"வாரம் ஒரு ஊசி போட்டா இளைச்சிடலாமாமே?"

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளைச் சொல்கிறீர்கள். வேலை செய்யும் மருந்துகள்தான்: பசியை அடக்கி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. உடல்பருமன் நிஜமாகவே நோயாகிவிட்டவர்களுக்கு நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. குமட்டலில் சாப்பாடே இறங்காமல் போய்ப் புரதம் குறைந்தால் தசையும் கரையும். மருத்துவர் பரிசோதித்து எழுதிக்கொடுக்காமல் தொடாதீர்கள். கீழே வரும் சாப்பாட்டுக் கோளாறுகள் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

"டயட்ல இருந்தா நாள் பூரா சாப்பாட்டு நினைப்பாவே இருக்கு. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?"

இதற்குச் சரியான பதில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் கிடைத்தது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆன்செல் கீஸ் என்பவர் நடத்திய ஆய்வு, பி.எம்.ஐ.க்குப் பெயர் வைத்ததும் இவரே. போர் முடிந்ததும் பட்டினியில் வாடும் மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். அவர்கள் எடையில் கால்வாசி போனது. எடை போனது ஆச்சரியமில்லை. நல்ல மனத்திடம் உள்ளவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. பட்டினி முடிந்த பிறகும் சிலர் வயிறு வலிக்கும்வரை தின்றும் அடங்கவில்லை.

பசி போட்டால் மூளை சோற்றையே நினைக்கும். உங்கள் மனம் பலவீனம் என்று இதற்குப் பொருளில்லை, டயட் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று பொருள்.

"அனோரெக்சியா, புலிமியால்லாம் வெளிநாட்டு வியாதி. நம்ம ஊர்ல ஏது?"

இரண்டும் சாப்பாட்டுக் கோளாறுகள், பெயர்தான் வெளிநாட்டிலிருந்து வந்தது. அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல் வைத்தார். புலிமியா நெர்வோசாவை 1979-ல் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தார். முதலாவதில், எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியும் இன்னும் குறைக்கத் தோன்றும், ஏறிவிடுமோ என்ற பயம் விடாது. இரண்டாவதில், கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, கடும் உடற்பயிற்சி. மூன்றாவதாக, ஈடுகட்டல் எதுவும் இல்லாமல் அப்படிச் சாப்பிடுவதும் தனி நோயாக 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது.

நம் ஊரில் இது வேறு வாசல் வழியாக வரும். 'குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு' என்று பிள்ளை சொல்வதில்லை. 'வயிறு உப்புது', 'நெஞ்சைக் கரிக்குது', 'சாப்பிட்டா குமட்டுது' என்பாள். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வரும். குலதெய்வத்துக்கு வேண்டுதலும் ஆகிவிடும். ஆறேழு மாதம் கழித்துத்தான் மனநல மருத்துவரின் பெயரே வீட்டில் அடிபடும். அனோரெக்சியா, மனநோய்களிலேயே அதிக உயிரைப் பறிக்கிறவற்றில் ஒன்று. அந்தத் தாமதம் சின்ன விஷயமில்லை.

"என் பொண்ணு ஒல்லியாவே இல்லையே. அவளுக்கு எப்படி அந்த நோய் இருக்கும்?"

எடையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். எண்பது கிலோவிலிருந்து நான்கு மாதத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்த பெண்ணைப் பார்த்து ஊரே கைதட்டும். அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருக்கும், நாடித்துடிப்பு இறங்கியிருக்கும்.

வேறு எதைப் பார்ப்பது? சாப்பிட்டு எழுந்ததும் பாத்ரூம், உள்ளே குழாய் திறந்த சத்தம். விரல் முட்டியில் காய்ப்பு. அம்மைக்கட்டு வந்தது போலக் காதுக்குக் கீழே வீக்கம். முன்பற்களின் உட்புறம் தேய்வது. இதைப் பல் டாக்டர்தான் பல நேரம் முதலில் கண்டுபிடிக்கிறார். மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் வியர்க்கும்போது இவளுக்கு மட்டும் குளிர்வது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துவிட்டுத் தான் தொடாமல் இருப்பது (மின்னசோட்டா இளைஞர்களின் சமையல் புத்தகங்கள் ஞாபகம் வருகிறதா?). தொடர்ந்த வாந்தியில் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எடை என்னவாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் அவசியம்.

"ராத்திரி யாருக்கும் தெரியாம சாப்பிடறேன். நிறுத்த முடியல, வெக்கமா இருக்கு. எடை குறைக்க டயட் குடுங்க."

டயட் இப்போது வேண்டாம். இப்படி வருகிறவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், காபி. மதியம்? 'நேத்து ராத்திரி அதிகமாயிடுச்சேன்னு ஒரு வாழைப்பழம்.' சாயங்காலத்துக்குள் உடம்பு பட்டினி, ராத்திரி மறுபடி அதே கதை. முதல் வேலை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று வேளை, நடுவில் சிறியதாய் ஒன்றிரண்டு, நேரம் தவறாமல். முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் காலை இட்லியை விடக்கூடாது. இதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையின் அடித்தளமும் இதுதான். எடையைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"அப்போ விரதம் இருக்கிறதும் நோய்தானா?"

இல்லை. கந்த சஷ்டியோ ரமலான் நோன்போ தவக்காலமோ, அதற்கு முடியும் நாள் இருக்கிறது. முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. கவனிக்க வேண்டியது வேறு: வாரத்துக்கு ஒன்றாக இருந்த விரதம் நான்காகிறது, வீட்டில் வேறு யாரும் இருக்காத விரதங்கள் வருகின்றன, பாரணை நேரத்திலும் ஏதாவது சாக்கு. சாப்பாட்டுக் கோளாறிலிருந்து தேறி வருகிறவர்கள் சில வருடங்களுக்கு விரதம் இருக்காமலிருப்பது நல்லது. நோயாளிக்கு எல்லா மதமும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

"மருமக பச்சரிசியா திங்கிறா, சாம்பல்கூட திங்கிறா. இதுவும் சாப்பாட்டுக் கோளாறா?"

ஆமாம், பைகா என்று பெயர். களிமண், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று ஆளுக்கு ஒன்று. திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினும், உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பலருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் அடியில் இருக்கும், அதைச் சரிசெய்தால் ஆசையும் பெரும்பாலும் போய்விடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதே ஆய்வில் பத்தில் நான்கு பெண்களுக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

"சாப்பிடுன்னு கெஞ்சியாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு. வீட்டுல நாங்க என்னதான் செய்யறது?"

அடி, சபதம், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பீடு மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். வளரிளம் பருவத்தினருக்கு வரும் அனோரெக்சியாவுக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலம் பெற்றோரே முடிவு செய்வார்கள். தட்டில் போட்டுக் கூடவே உட்கார வேண்டும். கலோரி பேச்சு கிடையாது. 'இது கஷ்டம்னு தெரியும்மா, இருந்தாலும் இதைச் சாப்பிட்டுத்தான் ஆகணும்' என்று கோபமில்லாமல், விடாமல். தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தால்தான் எடுபடும்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாத ஆளுக்குப் பாசத்தில் திடீரென்று நிறைய ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகக்கூடும். மருத்துவமனையில் வைத்து, ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே படிப்படியாக ஏற்ற வேண்டும். மயக்கம், படபடப்பு, தண்ணீர்கூட இறங்காத நிலை, சாக வேண்டும் என்ற பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

"எங்க பையன் ஜிம்மே கதின்னு கிடக்கான். நல்லதுதானே?"

பெரும்பாலும் நல்லதுதான். காய்ச்சலிலும் போகிறானா, நல்ல உடம்பு வைத்தும் 'இன்னும் நோஞ்சானா இருக்கேன்' என்கிறானா, கல்யாண வீட்டில் சாப்பிட வேண்டுமே என்று வராமல் இருக்கிறானா என்று பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் கோளாறுகள் வரும். யாரும் சந்தேகப்படாததால் தாமதமாகத்தான் தெரியவரும்.

"வீட்டுல எடை மிஷின் வெச்சுக்கலாமா?"

எடை குறைக்க முயல்கிற, மற்றபடி நலமாக உள்ளவர்கள் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம். கிளைகோஜன் பதிலில் சொன்னபடி, தினமும் ஏறி இறங்கும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். அதைப் பார்த்துக் காலைச் சாப்பாட்டை முடிவு செய்கிறவர்கள் மிஷினைத் தூக்கிப் பரணில் போடுங்கள். சாப்பாட்டுக் கோளாறுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் மிஷினே வேண்டாம். எடையை நாங்கள் கிளினிக்கில் எடுத்துக்கொள்கிறோம், தேவைப்பட்டால் எண் தெரியாதபடி திரும்பி நிற்க வைத்து.